டிசென்ட்டுக்கு ‘இறக்கம்’ போதும், ‘ஒட்டு’ வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். டிசென்ட் (descent) என்ற கணிதச் சொல்லையும் அதன் சுற்றத்தையும் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு. ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> டிசென்ட் என்றால் துண்டுகளை ஒட்டி முழுப்பொருளைப் பெறுவதுதானே? ‘ஒட்டு’ என்றே வைத்துவிடலாம். ‘இறக்கம்’ என்றால் யாரோ செத்துப்போனது போல இருக்கிறது.

‘ஏற்ற இறக்கம்’ என்று சொல்லும்போது யாருக்கும் சாவு நினைவுக்கு வருவதில்லை, அதனால் அந்தப் பயம் வேண்டாம். ‘ஒட்டு’ பற்றித்தான் பேச வேண்டும். ஷீஃபோடு (இடத்துக்கு இடம் கிடைக்கும் தகவல்களை ஒட்டி முழுத் தகவலாக்கும் அமைப்பு) நின்றுவிட்டால் அது பொருந்தும். ஆனால் 1956-இல் கணிதவியலாளர் ஆந்த்ரே வெய்ல் எடுத்துக்கொண்டது வேறு கேள்வி: பெரிய களத்தின் (ஃபீல்டு, கலப்பெண்களைப் போல நான்கு செயல்களும் நடக்கும் எண் தொகுதி) மேல் வரையறுத்த ஒரு வேரியட்டியை (பல்லுறுப்புச் சமன்பாடுகள் வரையும் வடிவம்) சிறிய களத்துக்குக் கொண்டுவர முடியுமா? 1959-இல் குரோத்தெண்டீக் பாரிஸின் பூர்பாக்கி கணிதக் கருத்தரங்கில் இதைப் பொதுமைப்படுத்தியபோதும் மேல், கீழ் என்ற திசை அப்படியே இருந்தது.

கையால் போட்டுப் பார்க்கக்கூடிய உதாரணம் ஒன்று. கலப்பெண்கள் மேல் ஒரு வெக்டர் வெளி இருக்கிறது, அதை மெய்யெண்களுக்கு இறக்க வேண்டும். அதற்குச் சிக்மா என்றொரு சார்பு (வெக்டரை வெக்டருக்கு அனுப்பும் விதி) தேவை. அது கூட்டலைக் காக்கும். கலப்பெண் பெருக்கியை அதன் இணையெண்ணாக்கி வெளியே விடும். சிக்மாவை இருமுறை போட்டால் பழைய வெக்டரே திரும்பினால், சிக்மா அசைக்காத வெக்டர்கள் ஒரு மெய்வெளி ஆகின்றன. அதிலிருந்து பழைய வெளியை முழுதாக மீட்கலாம். இருமுறை போட்டால் குறி மாறி வருகிறது என்றால் கதை முடிந்தது: அசையாத வெக்டர் தன் எதிர்க்குறிக்கே சமமாகிவிடும், ஆகவே பூச்சியம் மட்டுமே மிஞ்சும். எதுவும் இறங்காது. இங்கே எந்தத் துண்டை எதனோடு ஒட்டினோம்? வெளியைத் தன்னோடு தன்னையே ஒட்டுகிறோம் என்று வாதிடலாம்தான், ஆனால் புதிதாகப் படிப்பவர் தலையில் அது ஏறாது.

கூட்டுச்சொற்களிலும் ‘இறக்கம்’ நன்றாக ஓடுகிறது. மேலே சிக்மா செய்த வேலையை ‘இறக்கத் தரவு’ எனலாம். ‘இறக்க நிபந்தனை’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். உயர் வகைமைகளுக்கு (ஹையர் கேட்டகரி, கோப்புகளுக்கு இடையேயும் கோப்புகள் உள்ளவை; இங்கே கோப்பு என்றால் மேப்) போனதும் அது உடைகிறது. சாதாரண வகைமையில் மும்மை வெட்டுகளில் (வெளியை மூடும் துண்டுகளில் மூன்று சேர்ந்து வெட்டிக்கொள்ளும் இடங்கள்) ஒரு சமன்பாடு நிறைவேற வேண்டும், அது நிபந்தனைதான். உயர் வகைமையில் அதே இடத்தில் ஒரு ஹோமோடோபியை (ஒன்றை இன்னொன்றாகத் தொடர்ச்சியாக மாற்றும் வழி) தேர்ந்து கொடுக்க வேண்டும். நான்மை வெட்டுகளில் அந்தத் தேர்வுகளுக்கு இடையே இன்னொன்று. இப்படி முடிவின்றி மேலே போகும். எல்லாமே தரவு. ஆகவே ‘தரவு’ மட்டும் இருக்கட்டும்.

‘கவர்’ (ஒரு வெளியை முழுதும் மூடும் துண்டுகளின் தொகுப்பு) என்பதற்கு ‘மூடல்’ வேண்டாம். ‘திறந்த மூடல்’ என்று எழுதிவிட்டு யாரும் சிரிக்காமல் இருக்க முடியாது. ‘உறை’ என்றால் ஹைப்பர்கவர் (துண்டுகளின் வெட்டுகளையும் திரும்பத் திரும்ப மூடுவது) ‘மீயுறை’ ஆகும், காதில் ஹைப்பர்டெக்ஸ்ட்டின் ‘மீயுரை’யாக விழும். போர்வை, மீப்போர்வை என் தேர்வு. இறக்கம், மீயிறக்கம் என்று இரண்டு சொல்லும் தேவை: சாதாரணப் போர்வைகளுக்கு இறங்குவதெல்லாம் மீப்போர்வைகளுக்கும் இறங்கிவிடுவதில்லை.

மாடல் ஸ்ட்ரக்சருக்கு (ஒரு வகைமையில் ஹோமோடோபிக் கணக்குப் போட வழிசெய்யும் ஏற்பாடு) ‘மாதிரி அமைப்பு’. 1967-இல் குவில்லன் ‘மாடல்’ என்றது ஒரு ஹோமோடோபிக் கோட்பாட்டுக்கு மாதிரியாக நிற்பவற்றை. ‘முன்மாதிரி’ என்றால் பொருளே மாறிவிடும். ஃபைப்ரேஷனுக்கு (ஒரு வெளி இன்னொன்றின் மேல் இழை இழையாக நிற்பது போன்ற கோப்பு) ‘இழையம்’ கிடைக்காது, உயிரியல்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘இழைவு’ எனலாம்.

இனி ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். டகர், ஹாலண்டர், ஐசக்சன் மூவரும் 2004-இல் வெளியிட்ட முடிவு தமிழில் (சிம்ப்ளீஷியல் ப்ரீஷீஃப் என்பது ஒட்டும் விதி இல்லாத ஷீஃப் போன்றது, ‘இழைவுற்றது’ என்பது ஃபைப்ரன்ட்): “சிம்ப்ளீஷியல் ப்ரீஷீஃப்களின் இடஞ்சார்ந்த (லோக்கல்) மாதிரி அமைப்பில் ஒரு பொருள் இழைவுற்றது என்றால், அது முந்தைய (போர்வைகளைக் கணக்கில் எடுக்காத) மாதிரி அமைப்பிலும் இழைவுற்றது, கூடவே எல்லா மீப்போர்வைகள் வழியேயும் இறங்கும், மறுதலையும் உண்மை.” ‘இறங்கும்’ வினையாகவே வந்துவிட்டது பாருங்கள். அங்கே ‘ஒட்டும்’ என்று போட்டால் எது எதோடு என்ற கேள்வி தொங்கும்.

கோஃபைப்ரேஷனுக்கு (ஃபைப்ரேஷனின் எதிர்த்திசை இரட்டை) ‘இணையிழைவு’ எழுதிப் பார்த்தேன். ‘இணை’ ஏற்கெனவே இணையெண்ணிலும் இணைகோட்டிலும் சுமை தாங்குகிறது. வேறு முன்னொட்டு தோன்றினால் எழுதுங்கள்.