அம்மச்சி வீடு வாட்ஸ்அப் குழு: அஜினின் கார்

அஜின்: மார்த்தாண்டத்தில் ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ பெட்ரோல் கார் பார்த்திருக்கிறேன். 2017 மாடல், ஒரே ஓனர். நாளைக்குள் அட்வான்ஸ் கொடுக்கவேண்டும். யாருக்காவது எதிர்ப்பு உண்டென்றால் இன்றைக்கே சொல்லுங்கள்.

பெரியப்பா: எனக்கு உண்டு.

அஜின்: அப்பா, உங்களுடையதைத்தான் வீட்டிலேயே கேட்டாச்சே.

ஷைனி மைனி: 😂😂

சித்தப்பா: மக்களே, அவசரப்படாதே. அந்த வண்டிக்குக் கம்பெனி சொல்வதே லிட்டருக்கு 17.2 கிலோமீட்டர். அதுவும் ஏஆர்ஏஐ என்கிற வண்டிச் சோதனைக் கூடத்தில் உருளை மேல் நிறுத்தி, ஏசி போடாமல், 90-க்கு மேல் போகாமல் எடுத்த கணக்கு. தக்கலை ரோட்டில் உருளையா கிடக்கிறது? வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று நின்று நின்று நாகர்கோவில் போய்ச் சேர்ந்தால் 12 கிடைக்கும். தினமும் போக வர 35 கிலோமீட்டர், மாதம் 900 என்று வை. 75 லிட்டர். பெட்ரோல் 102 போட்டால் 7,650 ரூபாய். என் ஸ்விஃப்ட் டீசல் அதே ரோட்டில் 18 தரும். 50 லிட்டர், 94 வீதம் 4,700. மாதம் மூவாயிரம் கையில் நிற்கும்.

ராஜன் மாமா: நடுவில் "என் ஸ்விஃப்ட்" என்று ஒன்று வந்ததே, கவனித்தீர்களா?

பெனிட்டா: கவனித்தோம் மாமா

சித்தப்பா: விற்கப்போவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. 2014 மாடல். நம்ம பிள்ளை என்பதால் மூன்றே முக்கால் லட்சம்.

பெரியப்பா: போன வாரம் வெளியாளிடம் மூன்றரை சொன்னாயே.

சித்தப்பா: அது சும்மா பேச்சுக்குச் சொன்னது அண்ணா.

லில்லி சித்தி: கிளச் மாற்றவேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதையும் போடுங்கள்

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லில்லி சித்தி: நீக்கினால் என்ன, நான் பக்கத்தில்தானே இருக்கிறேன்

அத்தை: வெள்ளிக்கிழமை காலை நாலு மணிக்கு ஜோஜோ மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்குகிறான். யார் வண்டி வரும்?

பெனிட்டா: சித்தப்பா கணக்கில் ஒன்று. லிட்டருக்கு எட்டு ரூபாய் வித்தியாசத்தில் வருவது மாதம் 400 மட்டும். மீதியெல்லாம் 12, 18 என்று அவரே வைத்துக்கொண்டது. அஜின் 15 எடுத்தால் 60 லிட்டர், 6,120. மிச்சம் 1,400 சொச்சம்தான்.

ராஜன் மாமா: சரியான பேச்சு. 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் இடைவெளி, அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு டீசல் எடுக்கலாம். 2014 அக்டோபரில் அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்ட பிறகு அந்தக் கதை போச்சு.

அஜின்: கொள்ளாம் மாமா 👍

ராஜன் மாமா: உனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. 105 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல். அதில் மைலேஜ் காலில் இருக்கிறது. பைய மிதித்து 80-ல் போனால் திருநெல்வேலி ரோட்டில் 16, 17 வரும். மிதித்தால் டர்போ காற்றைத் திணிக்கும், அதற்குத் தக்க பெட்ரோலும் உள்ளே போகும். 10-க்கு இறங்கிவிடும். டீசல் இவ்வளவு ஆடாது.

அஜின்: நான் பையதான் ஓட்டுவேன்

ஷைனி மைனி: பைக்கில் மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறினது மாதிரியா 😂

பெரியப்பா: எப்போது?

ஷைனி மைனி: ஒன்றுமில்லை மாமா

சித்தப்பா: இன்னொன்றும் உண்டு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2017 வண்டி அதற்காகச் செய்ததும் அல்ல. அப்புறம், டிஸ்பிளேயில் காட்டுகிற மைலேஜை நம்பாதே. ஒரே பம்பில் ஆட்டோ கட் ஆகிறவரை நிரப்பி, ஓடி, திரும்ப அங்கேயே நிரப்பி வகுத்துப் பார். அதையும் ஒரு திசையில் மட்டும் பார்க்காதே. ஆடியில் நான் திருநெல்வேலிக்குப் போனபோது ஆரல்வாய்மொழிக் காற்று முதுகில் தள்ளியது, 22 கிடைத்தது. திரும்பி வரும்போது முப்பந்தல் காற்றாலையெல்லாம் சுற்றுகிற அந்தக் காற்று நேரே முகத்தில். அதே வண்டி, அதே வேகம், 19.

லில்லி சித்தி: ஃபார்வர்டு: பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு இனி டீசல் கிடையாது!! உடனே பகிரவும்!!

சித்தப்பா: லில்லி

பெனிட்டா: அது 2025-ல் டெல்லியில் கொண்டுவந்து உடனே நிறுத்திவைத்தது சித்தி. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவிலிருந்து வருகிற சங்கதி. நமக்கு இல்லை. இங்கே 15 வருடம் ஆனதும் எஃப்சி எடுத்துப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும்.

பெரியப்பா: அப்படியென்றால் ஸ்விஃப்டுக்கு 2029.

ராஜன் மாமா: ஒரு நல்லது, அது பழைய டீசல், டிபிஎஃப் என்கிற புகைக்கரி ஃபில்டர் கிடையாது. புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 டீசல் எடுத்துச் சந்தைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓட்டினால் அந்த ஃபில்டரில் கரி அடைத்துக்கொள்ளும். இடையிடையே நீளமாக ஓட்டி எரிக்கவேண்டும்.

அத்தை: வெள்ளிக்கிழமை??

ஷைனி மைனி: மாமா ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வண்டி நிற்கிறதே அத்தை

அத்தை: அதெல்லாம் ஊரான் வண்டி. எங்கள் வண்டி எஞ்சின் இறக்கி மூன்று மாதமாய்க் கிடக்கிறது

ராஜன் மாமா: பார்ட்ஸ் வரவில்லை

சித்தப்பா: ஸ்விஃப்டில் போகலாம் அக்கா. டீசல் மட்டும் ஊற்றினால் போதும்.

அத்தை: வேளாங்கண்ணிக்குப் போகும்போதும் இதைத்தான் சொன்னாய். வந்த பிறகு டயர் தேய்மானம் வரைக்கும் கணக்குப் போட்டாய்

சித்தப்பா: அந்த டீசல் பைசாவே இன்னும் வரவில்லை

அத்தை: ரப்பர் விளை விற்றதில் எனக்கு வரவேண்டியதில் கழித்துக்கொள்

பெரியப்பா: விளைப் பேச்சு இங்கே வேண்டாம்.

பெனிட்டா: திருவனந்தபுரம் போகிறவர்கள் களியக்காவிளைக்கு இப்புறமே டேங்க் நிரப்பிக்கொள்ளுங்கள். கேரளாவில் விலை கூடுதல். அவர்களே இங்கே வந்துதான் அடிக்கிறார்கள்.

லில்லி சித்தி: ஜோஜோவிடம் பால்பவுடர் வாங்கிவரச் சொல்லவும்

பெரியப்பா: அஜின், நாளைக்கு அட்வான்ஸ் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ராஜன் இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்க்கட்டும்.

ராஜன் மாமா: ஞாயிறு கருங்கலில் கல்யாணம் மச்சான். திங்கள் பார்க்கலாம், உறுதியில்லை.

சித்தப்பா: மூன்று அறுபது என்றாலும் யோசிக்கலாம்

லில்லி சித்தி: கிளச்சோடா?

அஜின்: அப்பா, ஐயாயிரம் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். வேண்டாமென்றால் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

பெரியப்பா: எப்போது அனுப்பினாய்

அஜின்: மத்தியானம்

பெரியப்பா: போனை எடு.