அலசுநீர்த் தொட்டி: கேரவன் கழிப்பறைக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கேரவன் கழிப்பறையில் மேலே இருக்கும் சுத்தமான தண்ணீர்த் தொட்டிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று போன வாரம் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் அக்கறையாகப் பதில் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. எல்லாவற்றையும் படித்து, பட்டறைப் பையன்களிடமும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இழையில் இப்போதுதான் சேர்ந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூருக்கு வெளியே எங்கள் பட்டறையில் வேன்களைக் கேரவனாக மாற்றித் தருகிறோம். உள்ளே பொருத்தும் கழிப்பறை பெரும்பாலும் கேசட் வகை. அதில் இரண்டு இடத்தில் திரவம் நிற்கும். மேலே, உட்காரும் பீடத்தை ஒட்டி, பொத்தானை அழுத்தினால் வரும் சுத்தமான தண்ணீர். கீழே, வண்டியின் வெளிக்கதவைத் திறந்து உருவி எடுக்கும் கேசட், கழிவெல்லாம் அதில் சேரும், பல மாடல்களில் 18 லிட்டர் கிட்டத்தட்டப் பிடிக்கும். கீழே ஊற்றுவதற்கு நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ ஒரு திரவம் உண்டு, கழிவைக் கரைத்து நாற்றத்தை அடக்க. மேலே ஊற்றுவது வேறு, இளஞ்சிவப்பு, தண்ணீர் கெடாமல் இருக்கவும் பீடத்தில் ஒட்டாமல் வழிந்து போகவும். இந்த இரண்டும் மாறவே கூடாது.

மாறிவிட்டது. அதனால்தான் இந்தச் சொல் பிரச்சினையே வந்தது. தமிழில் ஸ்டிக்கர் இருந்தால் ஓட்டுநர்களுக்கு உதவும் என்று நானே எழுதி ஒட்டினேன், மேலே "கழுவுநீர்த் தொட்டி", கீழே "கழிவுநீர்த் தொட்டி". எழுதும்போது சரியாகத்தான் தெரிந்தது. வேதாரண்யம் பக்கம் போன வண்டியில், இருட்டிய பிறகு, செல்போன் வெளிச்சத்தில் அந்த ஓட்டுநர் தம்பி நீலத் திரவத்தை மேல் மூடியைத் திறந்து ஊற்றிவிட்டார். கழுவு, கழிவு. நடு எழுத்தில் உகரமா இகரமா என்பது மட்டும்தான் வித்தியாசம், அந்தக் கொம்பும் சுழியும் சின்ன ஸ்டிக்கரில் அரையிருட்டில் எப்படித் தெரியும்? தவறு அவர் மேல் இல்லை, நான் வைத்த சொல்லில் இருந்தது. தொட்டியை வடித்து, நல்ல தண்ணீர் விட்டு, மறுபடி வடித்து, நீலம் போகிற வரைக்கும் நாலைந்து தடவை செய்ய வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இந்த இரண்டு சொல்லும் பார்த்தவுடன் வேறு வேறாகத் தெரிய வேண்டும், காதால் கேட்டாலும் வேறாக ஒலிக்க வேண்டும். அழகு, பழமை எல்லாம் அப்புறம்தான்.

> கழுவுநீர் என்பது ஏற்கெனவே புழங்கும் சொல், அதையே வைத்துக்கொண்டு கீழே இருப்பதை மட்டும் மாற்றினால் போதாதா?

இது நல்ல கேள்வி, நானும் இரண்டு நாள் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மாடு வைத்திருக்கும் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி வைக்கும் தொட்டிக்கு கழுநீர்த் தொட்டி என்றுதான் பெயர், பேச்சில் கழனித்தண்ணித் தொட்டி. சோற்று வடிகஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் அதில் விழும், சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டுவது அதில்தான். எங்கள் பட்டறையில் மூத்தவரான மாமாவிடம் "கழுவுநீர்த் தொட்டி" என்று சொன்னேன், அவர் உடனே "மாட்டுக்கா?" என்றார். அவருக்கு அந்தச் சொல் சுத்தமான தண்ணீரை நினைவுபடுத்தவே இல்லை, எதையோ கழுவிய பிறகு மிச்சமான தண்ணீரைத்தான் நினைவுபடுத்தியது. கழுவப் போகிற தண்ணீரா, கழுவிய தண்ணீரா என்பதை இந்தச் சொல் சொல்லவில்லை. கேசட் கழிப்பறையில் அதுதானே முக்கியம்.

கும்பகோணத்து அக்கா "அலம்புநீர்" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல், எங்கள் வீட்டில் வெளியே போய்விட்டு வந்தால் "கால் அலம்பிட்டு உள்ள வா" என்றுதான் சொல்வார்கள். ஆனால் பையன்களில் இருவருக்கு அலம்பு என்றால் அலம்பல்தான் ஞாபகம் வருகிறது, சொன்னதும் சிரித்துவிட்டார்கள். சிரிக்கிற சொல்லை ஸ்டிக்கரில் போட்டால் அதை யாரும் மதித்துப் படிக்க மாட்டார்கள் என்பதால் மனசில்லாமல் விட்டுவிட்டேன். "பீச்சுநீர்" வேண்டவே வேண்டாம், கழிப்பறையில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். "பாய்ச்சுநீர்" என்று ஒருவர் சொன்னார். அது வயலுக்குப் போகிற தண்ணீர் ஐயா, மேட்டூர் திறந்து கல்லணை வந்து கடைமடைக்கு வருமா வராதா என்று காத்திருக்கிற ஊரில் அந்தச் சொல்லைக் கழிப்பறைக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஆக மிஞ்சியது அலசு.

> அலசல் என்றால் ஆராய்ச்சி என்று அர்த்தம் வருமே? பத்திரிகைகளில் அரசியல் அலசல் என்று போடுகிறார்களே?

வரும், ஆனால் அது துணி அலசுவதிலிருந்து போன பொருள்தான். தொட்டியின் மேல் எழுதினால் யாருக்கும் அரசியல் நினைவு வராது. எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்குக் காரணம் வேறு. கழுவுவதில் கை தேய்க்கலாம், அலசுவதில் வேலை செய்வது தண்ணீர்தான். சோப்புப் போட்டுத் துவைத்த துணியை ஆற்றில் இப்படியும் அப்படியும் விட்டு எடுப்பது, கீரையை நிறைய தண்ணீரில் முக்கி எடுப்பது. பொத்தானை அழுத்தினால் பீடத்தைச் சுற்றி ஓடி இழுத்துக்கொண்டு போகிற தண்ணீரும் அதைத்தான் செய்கிறது. அப்புறம் குடிநீர் மாதிரியே வினைத்தொகை. குடிநீர் என்றால் குடித்த நீர் என்று யாரும் நினைப்பதில்லை, குடிக்கப் போகிற நீர்தான். அலசுநீர் என்று சொன்னபோது மாமா "துணி அலசுற தண்ணி மாதிரி, நல்ல தண்ணி" என்றார். எனக்கு அது போதும்.

கீழே இருப்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். அதைக் "கழிவுக் கேசட்" என்றே விடப்போகிறேன். பட்டறையில் எல்லோரும் "கேசட்ட உருவு" என்றுதான் சொல்கிறார்கள், பாட்டுக் கேசட்டை உருவுகிற மாதிரியே உருவுவதால் சொல் தானாக உட்கார்ந்துவிட்டது. பெட்டி என்று போட்டால் தொட்டி, பெட்டி என்று மறுபடி பக்கத்தில் வந்துவிடும். கழிப்பறைக்குள் தொட்டி என்ற சொல் ஒன்றுக்கு மட்டும் இருக்கட்டும்.

சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்பது என் வழக்கம். பராமரிப்புக் குறிப்பில் இப்படி வருகிறது: "வண்டியை நிறுத்தி வைக்குமுன் அலசுநீர்த் தொட்டியை முழுவதும் வடித்துவிடவும்." ஐரோப்பியக் கையேடுகளில் இந்த இடத்தில் குளிர்காலத்துக்கு முன் என்று இருக்கும், அங்கே தண்ணீர் உறைந்து விரிந்தால் பம்பும் குழாயும் வெடிக்கும். இங்கே உறைவதற்கு வழியே இல்லை, அதை அப்படியே தமிழில் போட்டால் படிப்பவர் நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடுவார். நமக்கு ஆபத்து வெயில்தான். ஒரு வண்டி பங்குனியில் நின்றது, தொட்டியில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது, ஆடியில் திறந்தோம். மூடியைக் கழற்றி விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். படித்துறையில் கடைசிப் படியில் கால் வைத்தால் வழுக்குமே, அதே வழவழப்பு. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் ஒரு பக்கமாக மட்டும் வந்தது, மறுபக்கம் துளை வாயில் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளையாக அடைத்திருந்தது.

அந்த வெள்ளைப் படிவு கடினத்தண்ணீரால் வருவது. ஆழ்குழாய்த் தண்ணீரை விட்டால் பல இடங்களில் வரும். வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் நிலத்தடி நீரே உப்பாக இருக்கும், முடிந்தவரை குடிநீர்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது நல்லது. வடிப்பதற்குப் பல மாடல்களில் மூடிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சின்ன வடிகுழாய் இருக்கும், அதைக் கீழே சாய்த்தால் தண்ணீர் வெளியே ஓடிவிடும். அடியில் தங்குவதைப் பொத்தானை அழுத்தித்தான் தீர்க்க வேண்டும், அது கேசட்டுக்குள் போகும் என்பதால் கேசட்டைக் கடைசியில் காலி செய்யுங்கள். படிவுக்கு எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) நீர்க்கக் கரைத்து விட்டு, கொஞ்ச நேரம் வைத்து, நன்றாக அலசிவிட்டால் இளகும். காலியான தொட்டியை மூடி வையுங்கள், திறந்து கிடந்து மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசுவுக்கு அதுவே இடம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஸ்டிக்கரிலும் சிவப்பில் போடுகிறேன். நம் வீடுகளில் தண்ணீர்த் தொட்டி என்றாலே பிளீச்சிங் பவுடர்தான் கைக்கு வரும். இதில் போடக் கூடாது, ரப்பர் சீல் கெட்டுப்போகும், ஒழுக ஆரம்பிக்கும். எலுமிச்சை உப்போ ஆசிட்டோ விட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், கேரவன் கழிப்பறை மாதிரி அடைத்த சின்ன இடத்தில் அது மூச்சையே பிடித்துவிடும். சீலுக்கு எண்ணெய் போடச் சொன்னால் எல்லோரும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத் தேடுவார்கள், அதுவும் வாசலினும் வேண்டாம், ஆலிவ் எண்ணெயோ சிலிக்கான் ஸ்பிரேயோ போதும்.

இந்தப் பத்திகளில் அலசுநீர்த் தொட்டி எங்கேயும் இடறவில்லை, "நன்றாக அலசிவிட்டால்" என்று வினையாகவும் இயல்பாக வந்தது. கலைச்சொல்லும் அன்றாட வினையும் ஒரே வேரில் இருந்தால் படிப்பவருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சில மாடல்களில் தனித் தொட்டி கிடையாது, வண்டியின் பொதுத் தண்ணீர் டேங்கிலிருந்தே வரும். அவற்றுக்கு "அலசுநீர் இணைப்பு" என்று போட்டுக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன், கடுமையான மறுப்பு இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். இன்னும் ஒரு சொல் பாக்கி. பீடத்துக்கும் கேசட்டுக்கும் நடுவில் பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும் தகடு ஒன்று இருக்கிறது, கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும், திரும்பத் திருப்பினால் மூடும். பட்டறையில் ஷட்டர் என்கிறார்கள், வாய்க்கால் தலைப்பில் இருக்கும் ஷட்டரைப் பார்த்து வளர்ந்தவர்கள். எனக்கு "மதகு" என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. "மதகைத் திறந்து வைத்துவிட்டுக் கேசட்டை உருவ முயலாதீர்கள்" என்று எழுதினால் எங்கள் ஊரில் ஒருவர்கூடத் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார். டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்கள் சொல்லுங்கள், உங்கள் ஊரிலும் மதகு என்றால் இதுதான் தோன்றுமா?