சாட்ஸ்வொர்த் வீட்டையும் டோங்காட் கடையையும் டிரஸ்டில் வைக்க வேண்டுமா, உயில் போதுமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 79. கேட்டோ மேனரில் தாத்தா காய்கறி பயிரிட்ட நிலத்தை, இன வாரியாகக் குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்த நிறவெறிக் காலக் குழுப்பகுதிச் சட்டத்தால் இழந்து, 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அந்த இழப்பைக் கண்ணால் கண்டவர் என்பதால், இந்த வீடும் டோங்காட்டில் உள்ள கடையும் எந்தத் தலைமுறையிலும் கைமாறக்கூடாது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். வீடு ஏறக்குறைய 18 இலட்சம் ரேண்டும் கடை 14 இலட்சமும் பெறும். இரண்டும் அவர் பெயரில் உள்ளன, கடன் இல்லை. அம்மாவை அவர் 1969 இல் கோயிலில் தாலி கட்டி மணந்தார். அரசாங்கப் பதிவு இல்லை. பிள்ளைகள் மூவரில் அண்ணன் காலமாகிவிட்டார், அவருடைய பிள்ளைகள் இருவரும் சிறுவர்கள். இதுவரை உயில் எழுதப்படவில்லை. இரண்டு சொத்துகளையும் உடனே குடும்ப டிரஸ்டுக்கு (குடும்பத்தின் நன்மைக்காகச் சொத்தை அறங்காவலர்கள் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு) மாற்றச் சொல்கிறார் ஓர் ஆலோசகர். அது சரியா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற கணக்காளர், பீனிக்ஸ்):

தம்பி, மரணச் சொத்து வரியைத் தவிர்ப்பதற்காக என்றால் உங்களுக்கு டிரஸ்ட் தேவையில்லை. முதல் 35 இலட்சம் ரேண்டுக்கு அந்த வரி கிடையாது. அதற்கு மேல்தான் 20 விழுக்காடு. மனைவிக்குச் செல்லும் பங்குக்கும் வரி இல்லை, அந்த வரிச் சட்டம் சமய முறைத் திருமணத்தையும் ஏற்கிறது. உங்கள் கணக்கு 32 இலட்சத்தில் நிற்கிறது. இப்போதே டிரஸ்டுக்கு விற்றால் பெயர் மாற்ற வரியும், சொத்தின் மதிப்பு உயர்வுக்கான மூலதன ஆதாய வரியும் குறுக்கே வரக்கூடும். டிரஸ்டில் தங்கும் வருமானத்துக்கு 45 விழுக்காடு வரி. குடியிருக்கும் வீட்டுக்குத் தனிமனிதருக்குக் கிடைக்கும் ஆதாய வரி விலக்கும் போய்விடும். உயில் வழியாக வாரிசுக்கு வரும் வீட்டுக்குப் பெயர் மாற்ற வரியே இல்லை.

செலவு உண்டு, மறைக்க மாட்டேன். உயிலை நிறைவேற்றுபவருக்கான கட்டணம் சொத்தின் மொத்த மதிப்பில் 3.5 விழுக்காடு, அதாவது 1,12,000 ரேண்ட்; அவர் வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு பெற்றவரானால் அதற்கு மேல் 15 விழுக்காடு. குறைக்கச் சொல்லி அப்பா இருக்கும்போதே பேசி எழுதிக்கொள்ளலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

மறுமொழி 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

என் கவலை உங்கள் அம்மாவைப் பற்றியது. பதிவில்லாத திருமணத்தில் அவருக்குப் பாதிச் சொத்து தானாக வந்து சேராது. உயில் இல்லாமல் இறந்த கணவரின் சொத்தில், இந்து முறையில் மணந்த ஒரே மனைவிக்கும் பங்கு உண்டு என்ற டர்பன் உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2009 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் உள்ளது. ஆனால் அப்படியே கிடைத்தாலும், அம்மா, நீங்கள், உங்கள் உடன்பிறப்பு, அண்ணன் பிள்ளைகள் என நான்காகப் பிரித்தால் அம்மாவுக்கு 8 இலட்சம்தான். 18 இலட்ச ரேண்ட் வீட்டை அவர் எப்படித் தக்கவைத்துக்கொள்வார்? விற்கக்கூடாது என்று அப்பா நினைக்கிற வீடு, உயில் எழுதாததாலேயே விற்பனைக்கு வரும்.

எங்கள் வீட்டில் உயில் இருந்தும் துன்பப்பட்டோம். தம்பி மனைவி சாட்சிக் கையெழுத்து இட்டுவிட்டாள். சாட்சியும் சாட்சியின் கணவன் அல்லது மனைவியும் பயன்பெறுவதைச் சட்டம் தடுக்கிறது. தம்பியின் பங்குக்காக நீதிமன்றம் வரை போனோம். ஆகவே பங்கில்லாத, 14 வயது நிறைந்த இருவர் சாட்சியாக உடனிருக்க, அப்பா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடட்டும். கைநாட்டு வைப்பதானால் உறுதிமொழி ஆணையர் சான்றளிக்க வேண்டும்.

மறுமொழி 3 (டர்பன், சொத்துப் பதிவுப் பணியில் இருந்தவர்):

‘எந்தத் தலைமுறையிலும் விற்கக்கூடாது’ என்று உயிலில் எழுதினாலும் அது என்றென்றும் நிற்காது. நிலத்தை ஒருவர் பின் ஒருவராகக் கட்டிவைக்கும் ஏற்பாட்டை 1965 ஆம் ஆண்டின் 94 ஆம் எண் சட்டம் இரண்டு தொடர் வாரிசுகளோடு நிறுத்திவிடுகிறது. அப்பாவின் மனம் எனக்குப் புரிகிறது, எங்கள் குடும்பமும் அதே வழியாக வந்ததுதான். அம்மாவுக்கு வீட்டில் வாழ்நாள் அனுபவ உரிமையும், பிள்ளைகளுக்கு உடைமையும் என்று எழுதலாம். அம்மா இருக்கும் வரை அவர் இசைவின்றி அவரை யாரும் வெளியேற்ற முடியாது. டிரஸ்ட் உண்மையிலேயே தேவைப்படும் இடம் அண்ணன் பிள்ளைகளின் பங்கு. உயிலுக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு டிரஸ்டை அமைக்காவிட்டால், ரொக்கமாக வரும் பங்கு சிறுவர்களின் பணத்தை வைத்துக் காக்கும் அரசின் காப்பாளர் நிதிக்குச் சென்று, 18 வயதில் மொத்தமாக அவர்கள் கைக்கு வரும்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. அப்பாவிடம் நான்கு பங்குக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்படியானால் அம்மாவுக்கு வீடு’ என்றார். கடையைப் பற்றி இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. உயில் எழுத வழக்கறிஞரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் கேட்டிருக்கிறேன். திருமண அதிகாரியாக நியமனம் பெற்ற குருக்களிடம் இப்போது பதிவுத் திருமணம் செய்வதானால், அதற்கு முன் சொத்து ஒப்பந்தம் எழுத வேண்டுமா என்பதையும் அந்த வழக்கறிஞரிடமே கேட்பேன்.