புதுப்பிப்பு: அக்கா மகளின் ஸ்டிக்கர் விவகாரம்

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளின் முகத்தை ஸ்டிக்கராக்கி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேலி செய்கிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி எதையும் அழிக்காமல், தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தோம். பள்ளியில் "பிள்ளைகள் விளையாட்டு" என்று மழுப்பினார்கள். சைபர்கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்கப்போகிறோம் என்றதும் குரல் மாறியது. மறுநாளே குழு கலைக்கப்பட்டது. (1930 இணையவழிப் பணமோசடிக்கான உதவி எண். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.)

அவளுக்குத் தூக்கம்தான் இன்னும் சரியாகவில்லை. போன் அதிர்ந்தாலே, தட்டில் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிடுகிறது. போனைப் பிடுங்கி வையுங்கள் என்ற யோசனையை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை, தண்டனை அவளுக்கா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசினார்கள். முதலில் அக்கா பேசினாள். பிறகு மகளே போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டிருக்கிறோம். பள்ளியிலிருந்து பதில் வரவில்லை.