நடைவண்டிக்கு டைக்ரோமேட் அடித்துவிட்டேன், மேலே தேய்க்கலாமா?

நடைவண்டி:
தங்கச்சி பையனுக்கு நடைவண்டி செய்கிறேன். கைப்பிடி கருவேலம், சக்கரம் மாமரம். தேக்கு நிறம் வரட்டும் என்று பொட்டாசியம் டைக்ரோமேட்டைத் தண்ணீரில் கரைத்து இரண்டு கோட் அடித்தேன். கைப்பிடி நன்றாகக் கருத்துவிட்டது, சக்கரம் மஞ்சளாகவே நிற்கிறது. உப்புத்தாள் போட்டுவிட்டு இன்னொரு கோட் கொடுக்கலாமா? கையுறை போடவில்லை, நேற்றிலிருந்து விரல் இடுக்கில் அரிப்பு.

பட்டறைக்காரன்:
தேய்க்காதீர்கள் தம்பி. மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு (டானின்) சேர்ந்தால்தான் அது பழுப்பாகும். கருவேலத்தில் துவர்ப்பு அதிகம், அதன் பட்டையை வைத்துத்தான் தோல் பதனிடுவார்கள். மாமரத்தில் குறைவு, அதனால் மருந்து மாறாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தேய்த்தால் அந்தத் தூள் நேராக மூக்கில் ஏறும். இதே மருந்து பட்டு எனக்கு நகக்கண் ஓரம் மிளகு அளவு குழி விழுந்தது. வலியே இல்லை, அதனால்தான் விட்டுவிட்டேன். ஆற மாதக்கணக்கில் ஆனது.

வேதியியல் டீச்சர்:
இதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990லேயே உறுதிசெய்தது. அரிப்பு ஒவ்வாமையாக மாறினால் ஆயுசுக்கும் போகாது, அப்புறம் ஈர சிமெண்ட் பட்டால்கூடக் கொப்பளிக்கும். தோல் டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள்.

நடைவண்டி:
மேலே வார்னிஷ் அடித்து மூடினால் போதாதா?

வேதியியல் டீச்சர்:
பல் முளைக்கிற பிள்ளை கைப்பிடியைத்தான் முதலில் கடிக்கும். தயவுசெய்து வேண்டாம். அந்த மரத்தை அடுப்பிலும் வைக்காதீர்கள், விஷம் புகையிலும் சாம்பலிலும் வரும். பிளாஸ்டிக் பையில் கட்டி, மீதிக் கரைசலோடு பெயர் எழுதித் தனியாக வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள். சாக்கடையில் ஊற்றவே கூடாது. ராணிப்பேட்டையில் கொட்டிய குரோமியக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியதை நாம் பார்த்தோமே.

பட்டறைக்காரன்:
புதுக் கைப்பிடிக்கு நிறமே வேண்டாம் தம்பி, வழவழப்பாக இழைத்தால் போதும். சக்கரத்துக்குக் கடுக்காய்க் கஷாயம் பூசிக் காயவிடுங்கள். பழைய ஆணியை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போட்டு (மூடியை இறுக்காதீர்கள், வாயு வரும்) வடிகட்டி மேலே தடவுங்கள். கண்ணெதிரே கருக்கும். தண்ணீர் கலந்தால் நிறம் இளகும், துண்டு மரத்தில் முதலில் பாருங்கள். காய்ந்ததும் அரக்கு பாலிஷ்.

நடைவண்டி:
சரி அண்ணே, சக்கரத்தையும் புதிதாகவே வெட்டுகிறேன். பாட்டிலைப் பூட்டி வைத்தாயிற்று, காலையில் டாக்டரிடம் போகிறேன். கடுக்காயைக் கொட்டையோடு இடிக்கலாமா?

பட்டறைக்காரன்:
கொட்டையை எடுத்துவிடுங்கள். துவர்ப்பு தோலில்தான்.