தூக்கம் கெட்டால் காலைச் சர்க்கரை ஏறுமா?

கேள்வி: ஏழு மணி நேரம் தூங்கினால் வெறும் வயிற்றில் 115, 120. நாலு மணி நேரம்தான் தூக்கம் என்றால் 145க்குக் குறைவதில்லை. ராத்திரி அதே மூணு இட்லி, அதே மெட்ஃபார்மின் 500. தூக்கம்தான் காரணமா? மாத்திரையைக் கூட்டணுமா?

பதில் 1: தூக்கத்துக்குப் பங்கு உண்டு. 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் கௌட்டர் குழுவினர் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவு தொடர்ந்து 4 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டுப் பார்த்தார்கள். ஊசியில் ஏற்றிய குளுக்கோஸ் ரத்தத்திலிருந்து இறங்கும் வேகம், நன்றாகத் தூங்கிய நாட்களைவிடக் கிட்டத்தட்ட 40% குறைந்திருந்தது. சாயங்காலம் இறங்க வேண்டிய கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோனும் சரியாக இறங்கவில்லை. இன்சுலின் இருந்தும் தசை அதற்குச் சரியாகச் செவிசாய்க்காது, கல்லீரலோ இருப்பில் உள்ள சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். காலை எண்ணில் பெரும்பங்கு கல்லீரலுடையது. இட்லியை ரெண்டாக்கினால் மட்டும் தீராது.

பதில் 2: மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீங்க. முதலில் மூணு நாள் படுக்கும்போது, விடியற்காலை 3 மணிக்கு, எழுந்தவுடன் என்று குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதுங்க. சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகே குத்தணும். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் எண் பொய்யாக ஏறும்.

3 மணிக்குச் சரியாக இருந்து 6 மணிக்கு ஏறினால் அது விடியல் ஏற்றம். 3 மணிக்கு 70க்குக் கீழே என்றால் தாழ்சர்க்கரை: உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இது அபூர்வம். இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ சேர்ந்தால் கவனம் தேவை. படுக்கும்போதே 180க்கு மேல் என்றால் கதை தலைகீழ்: சிறுநீரில் சர்க்கரை இறங்கி, அடிக்கடி எழுந்து போகவைத்து, தூக்கத்தைக் கெடுப்பதே சர்க்கரைதான்.

பதில் 3: குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்க. குறட்டை நடுவே மூச்சு நின்று திணறி விழிப்பது, காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது இருந்தால் தூக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். ஒவ்வொரு முறை ஆக்சிஜன் இறங்கும்போதும் அட்ரினலின் எகிறும், சர்க்கரையும் கூடும். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 15 மூச்சுத் தடைகளுக்கு மேல் என்றால் நடுத்தரம், 30 என்றால் கடுமை. இதைப் பார்க்காமல் தூக்க மாத்திரை போடுவது ஆபத்து; சில மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்.

கேட்டவர்: படுக்கும்போது 126, 3 மணிக்கு 121, எழுந்ததும் 147. குறட்டை பலமாம்.

பதில் 3: அப்போ இந்தக் குறிப்போடு சர்க்கரை டாக்டரைப் பாருங்க, தூக்கப் பரிசோதனைக்கும் எழுதித் தரச் சொல்லுங்க. தொண்டை அடைபடாமல் முகமூடி வழியே காற்றை ஊதும் சிபாப் கருவி கொடுத்தால் பாதி ராத்திரியில் கழற்றாதீங்க. மூச்சுத் தடை அதிகம் வருவது கனவுத் தூக்கத்தில். அது விடியும் பக்கம்தான் நீளும்.