'வொர்க்-அவுட்' தமிழில்? (வியாழன் காலை அச்சுக்குப் போகிறது)

மஞ்சக்குப்பத்திலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலைக்குப் பயிற்சிக் கையேடு மொழிபெயர்க்கிறேன். 'வொர்க்-அவுட்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. 1980களின் இறுதியில் ஜாக் வெல்ச் தலைமையில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் வந்த முறை. பல பிரிவு ஆட்களை இரண்டு மூன்று நாள் ஒன்றாக உட்காரவைத்து, வேலை எந்தெந்த மேசையில் தேங்குகிறது என்று அவர்களையே அலசச் சொல்வது. கடைசி நாள் மேலாளர் வந்து அங்கேயே பதில் சொல்லவேண்டும். கணினி 'உடற்பயிற்சி அமர்வு' என்கிறது! நான் 'பணி மறுசீரமைப்பு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

முத்தியால்பேட்டையிலிருந்து:
வேண்டாம் ஐயா. மறுசீரமைப்பு என்றாலே தொழிலாளி காதில் ஆட்குறைப்பு என்றுதான் விழும். வெறும் சீரமைப்பு என்றால், 2011 'தானே' புயலுக்குப் பிறகு கடலூர், புதுச்சேரி என நம் இரண்டு ஊரிலும் சாய்ந்த மின்கம்பம்தான் நினைவுக்கு வரும். 'கைசன்' என்றே விடுங்கள். ஜப்பானியர் சொல், 'கை' என்றால் மாற்றம், 'சென்' என்றால் நன்மை. புதுச்சேரியில் பிரெஞ்சுச் சொல்லை வைத்துக் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று இன்றும் எழுதுகிறோம், யாருக்குப் புரியவில்லை?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
கைசன் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது; இவர் கேட்பது மூன்று நாளில் முடிவது. கடன் ஏன்? 'விரைதிருத்தம்' எனலாம். விரைந்த, விரைகின்ற, விரையும் திருத்தம், நல்ல வினைத்தொகை. 'தூங்குக தூங்கிச் செயற்பால' (குறள் 672) என்பதில் தூங்குதல் உறக்கமன்று, காலம் தாழ்த்தல். 471இலோ 'துணைவலியும் தூக்கிச் செயல்'; அங்கே தூக்குதல் எடைபோட்டுப் பார்ப்பது. தூங்கு, தூக்கு, தொங்கு என்று வேர் பிடித்தால் தராசுத் தட்டில் போய் நிற்போம். எனவே 'வினைத்தூக்கு' என்றும் ஆக்கலாம்.

லாஸ்பேட்டையிலிருந்து:
ஐயா, பாலிடெக்னிக் பையன்கள் முன்னால் பலகையில் 'விரை' என்று எழுதிப் பாருங்கள், வகுப்பு அன்றோடு முடிந்தது. 'தூக்கு' அதைவிட மோசம். 517ஐ எடுக்கலாம் என்றால் ('இதனை இதனால் இவன்முடிக்கும்') அதுவும் மேலே இருப்பவர் ஆள் பார்த்து ஒப்படைப்பது. இங்கே வேலை செய்பவரே தன் வேலையை மாற்றி வரைகிறார். வீராம்பட்டினத்தில் வலையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சிக்கெடுப்பார்களே, அதுதான் இது. 'பணிச்சிக்கெடுப்பு'?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
சிக்கெடுப்பது பொறுமைக்குரிய வேலை அம்மா. விரைவு எங்கே போயிற்று?

முத்தியால்பேட்டையிலிருந்து:
'வண்டி' என்ற சொல்லில் வேகம் இருக்கிறதா? என் ஓட்டு சிக்கெடுப்புக்கே. கைசனை வாபஸ் வாங்குகிறேன். (வாபசுக்குத் தமிழ் கேட்காதீர்கள்.)

பழைய நகரத்திலிருந்து:
ஷிப்ட் முடிந்து இப்போதுதான் படித்தேன். எங்கள் ஆலையில் இதை 'மூணு நாள் மீட்டிங்' என்றார்கள். ஸ்டோரில் ஒரு பேரிங் வாங்க நாலு கையெழுத்து. சுவரில் தாள் ஒட்டி வரைந்த பிறகுதான், அதில் இரண்டு பேர் எதையும் படிக்காமலே போடுகிறார்கள் என்று தெரிந்தது. மேலாளர் 'பார்க்கலாம்' என்று போய்விட்டார். நாலும் அப்படியே இருக்கிறது. பேர் எதுவானாலும் வையுங்கள். பதில் அங்கேயே சொல்லவேண்டும் என்ற வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:
போட்டுவிட்டேன். என்னையும் சேர்த்து மூவர் 'பணிச்சிக்கெடுப்பு' பக்கம், அதுவே இருக்கட்டும். அச்சகத்தில் நடுவே 'ச்' வேண்டுமா என்கிறார்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
ஒற்று கட்டாயம் மிகும். சொல்லை நான் ஏற்கவில்லை. 'தூக்கு' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.